கழுத்தணிகளும் காலமும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து உருவ ஓவியங்களை நோக்குவோர் கண்ணில் முகத்திற்கு முன்பே படுவது, முகத்தின் கீழே சக்கரம்போல் விரிந்து நிற்கும் வெண்ணிறக் கழுத்துப்பட்டையாகும். கஞ்சியிட்டு, மடிப்பு மடிப்பாக அலையலையாய் நிறுத்தி, விளிம்பில் ரேந்தைப் பின்னல் தைத்த அந்த அணியை ஆங்கிலேயர் 'ரஃப்' என்றனர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அரசர், பிரபுக்கள், வணிகர், அவர்தம் மனைவியர் என வசதி படைத்த எவரும் அஃதின்றி ஓவியர்முன் அமர்வது அரிதாயிற்று. தட்டில் வைத்த தலைபோலத் தோன்றுகிறதே என்று இன்று நகைக்கத் தோன்றும். ஆயினும் அக்காலத்தில் அந்த வெண்பட்டை ஒரு மொழி. அது பேசியது, அதனைப் படிக்கத் தெரிந்தோர் படித்தனர்.

மதுரையில் அமர்ந்து தமிழ் வளர்க்கும் நமக்கும் அந்தக் கழுத்துப்பட்டைக்கும் என்ன உறவு என வினவலாம். உறவு உண்டு. அதற்குச் சாவி 1623 என்னும் ஓர் ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு மன்னர் நான்காம் பிலிப்பு தம் நாட்டில் மடிப்புக் கழுத்துப்பட்டையைத் தடை செய்தார். அதே ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பூணூலும் குடுமியும் சந்தனமும் மதுரைக் கிறித்தவர்க்கு ஆகுமா என்ற வழக்கில் உரோமாபுரியில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புரைத்தார். அதே ஆண்டில் மதுரை அரியணையில் திருமலை நாயக்கர் ஏறினார். இம்மூன்றும் ஒன்றையொன்று அறிந்து நிகழ்ந்தவையல்ல. எனினும் மூன்றிலும் ஒரே வினா உறைகின்றது: மனிதன் தன் கழுத்திலும் மார்பிலும் எதனை அணிகிறான், யாருக்காக அணிகிறான்? இவ்வினாவின் வழியே சென்றால், அதனை அணிய யாருக்கு உரிமை, அதனைச் செய்த கை யாருடையது என்னும் வினாக்களும் தாமே எழும்.

கஞ்சியின் கதை

கழுத்துப்பட்டை பிறந்த விதம் எளிமையானது. மேலங்கியின் உள்ளே அணிந்த மெல்லிய சட்டையின் கழுத்து விளிம்பைக் கயிற்றால் இறுக்கியபோது சிறு சுருக்கம் உண்டாயிற்று. அந்தச் சுருக்கமே அழகெனப்பட்டது, அழகு வளர்ந்தது, வளர்ந்தது தனி உறுப்பாய்ப் பிரிந்தது. நாளடைவில் அது சட்டையினின்றும் கழற்றித் தனியே வெளுக்கவும் தனியே பூட்டவும் தக்க பெருஞ்சக்கரமாயிற்று. மிகப் பெரியவற்றைத் தாங்கக் கழுத்தின் பின்னே கம்பிச் சட்டமும் வேண்டியிருந்தது.

துணியைச் சக்கரமாக நிறுத்தியது கஞ்சி. 1564இல் பிளாண்டர்சு நாட்டுப் பெண்ணொருத்தி, டிங்கன் வான் டென் பிளாஸ் என்பார், இலண்டனுக்கு வந்து கஞ்சி போடும் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். கஞ்சி போடக் கற்பிக்க நான்கைந்து பவுன், கஞ்சி காய்ச்சும் பக்குவத்தைச் சொல்லித்தர இருபது ஷில்லிங் என்று அவர் கூலி பெற்றதை இலண்டன் வரலாற்றுக் குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. அந்நாளில் அது பெருந்தொகை. பிரபுக்கள் தம் புதல்வியரை அவரிடம் பயில அனுப்பினர்.

கஞ்சி நம்மவர்க்குப் புதிதன்று. பாவுக்குக் கஞ்சி தோய்த்து, தெருநீளம் விரித்து, இழை இழையாய் ஆற்றித் தறியேற்றும் நெசவாளர் வாழ்ந்த நகரம் இது. நம் நாட்டில் கஞ்சி இழைக்கு உரம், ஏழைக்கு உணவு. ஐரோப்பாவிலும் கோதுமையிலிருந்தே கஞ்சி எடுத்தனர். பஞ்சக் காலத்தில், வயிற்றுக்குப் போகவேண்டிய தானியம் கழுத்துக்குப் போகிறதே என்ற குரல் எழுந்தது; கஞ்சிமாவு செய்வோரை அடக்க இங்கிலாந்தில் அரசாணைகளும் பிறந்தன. வேறு சிலர் ஒருவகைக் காட்டுச் செடியின் கிழங்கிலிருந்து கஞ்சி எடுத்தனர். அது தூய வெண்மை தரும். ஆனால் அதனைக் கையாளும் வண்ணாத்தியின் கைகளை வெடிக்கவும் கொப்புளிக்கவும் செய்யும் என்று மூலிகை நூலாசிரியர் ஜான் ஜெரார்டு 1597இல் எழுதினார். ஓவியத்தில் மாசற்று ஒளிரும் வெண்மையின் பின்னே கொப்புளித்த இரு கைகள் உள்ளன. எந்த ஓவியரும் அவற்றை வரைந்து வைக்கவில்லை. ஒரு மூலிகை நூல் மட்டுமே சொல்லி வைத்தது.

கஞ்சியிட்ட பின் பட்டை ஈரமாய் இருக்கும்போதே சூடேற்றிய இரும்புக் குச்சிகளை ஒவ்வொரு மடிப்பிலும் செலுத்தி வடிவம் நிறுத்துவர். மழையில் நனைந்தால் அவ்வளவும் குலைந்துவிடும். வேர்வையில் தோய்ந்தாலும் தளரும். மீண்டும் வெளுத்து, மீண்டும் கஞ்சியிட்டு, மீண்டும் மடிக்கவேண்டும். 1583இல் பிலிப்பு ஸ்டப்சு என்னும் கண்டிப்புமிக்க எழுத்தாளர் கஞ்சியைச் சாத்தானின் நீர் என்றே ஏசினார். ஏச்சினால் பட்டை சிறுத்துவிடவில்லை.

விளிம்பில் தைத்த ரேந்தை இன்னும் நுண்ணியது. முதலில் துணியின் இழைகளை உருவி எடுத்து, எஞ்சிய கட்டங்களை ஊசியால் நிரப்பினர். பிறகு அடித்துணியே வேண்டாம் என்ற துணிவு பிறந்தது. தாளில் வரைந்த கோலத்தின்மேல் நூலோட்டி, அந்நூலைப் பற்றுக்கோடாகக் கொண்டு வெறும் வெளியில் பின்னினர். வெனிசு நகரத்தார் அதற்கு இட்ட பெயருக்குக் 'காற்றில் இட்ட தையல்' என்பது பொருள். கவிஞர்கள் பொறாமை கொள்ளத்தக்க பெயர்! பிளாண்டர்சில் ஊசிக்கு மாறாக, நூல் சுற்றிய சிறு கட்டைகளைத் திண்டின்மேல் மாற்றி மாற்றி எறிந்து பின்னும் முறை ஓங்கியது. ஒரு விரற்கடைப் பின்னலுக்கே நெடுநேரம் செல்லும். எனவே கழுத்தில் ரேந்தை அணிந்தவர் பிறருடைய கண்பார்வையையும் பல நாள் உழைப்பையும் அணிந்திருந்தார் என்று சொல்வது மிகையாகாது.

ஓவியர்க்கு அதனால் பெரும்பயன் கிட்டியது. கறுப்பு உடைக்கும் முகத்திற்கும் இடையே நின்ற வெண்பட்டை, கீழிருந்து முகத்திற்கு ஒளியை ஏந்திக் கொடுத்தது. 1592 அளவில் மார்க்கசு கீரார்ட்சு வரைந்த முதலாம் எலிசபெத்து அரசியின் ஓவியத்தில் முதிர்ந்த அம்முகத்தைச் சுற்றி ரேந்தை ஒளிவட்டம்போல் எழுகிறது. 1624இல் பிரான்சு ஹால்சு வரைந்த புன்னகைக்கும் இளைஞனின் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள பின்னல், அருகில் சென்றால் வெறும் தூரிகைத் தீற்றல். விலகி நின்றால் எண்ணிவிடலாம் போன்ற நூல்.

இத்தகைய பட்டையைத்தான் 1623இல் பிலிப்பு மன்னர் விலக்கினார். போர்ச் செலவால் கருவூலம் வற்றிய நேரம். ஆடம்பரத்தைக் குறைக்கும் ஆணைகளுள் இது முதன்மையானது. அதற்கு மாற்றாக வந்தது அட்டையில் துணி போர்த்திய எளிய கழுத்துப்பட்டை. வெலாசுகெசு வரைந்த ஓவியங்களில் பிலிப்பு மன்னர் அதனையே அணிந்து நிற்கிறார். பிற நாடுகளிலும் விறைத்த சக்கரம் மெல்லத் தளர்ந்து, தோளில் படியும் ரேந்தைப் பட்டையாயிற்று. ஆலந்து நாட்டு முதியோர் சிலர் மட்டும் பின்னும் சில பத்தாண்டுகள் பழைய சக்கரத்தைக் கைவிடவில்லை.

கல்லில் நிற்கும் மார்பு

அதே ஆண்டு அரியணை ஏறி 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரும் தம் உருவத்தைப் பின்னுள்ளோர்க்கு விட்டுச் செல்ல விழைந்தார். அவர் நாடியது துணியும் எண்ணெய் வண்ணமும் அன்று, கல். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே அவர் எழுப்பிய புது மண்டபம் 124 தூண்கள் கொண்டது. வசந்த விழாவுக்கென அமைந்த அம்மண்டபத்தின் நடுப்பாதையை ஒட்டிய தூண்களில், விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் ஈறாக அவ்வரச மரபினர் பதின்மர் தத்தம் தேவியருடன் நிற்கின்றனர். ஐரோப்பிய மாளிகையொன்றின் மூதாதையர் ஓவியக்கூடத்திற்கு நிகராக நம்மிடம் உள்ள வரிசை இதுவே எனலாம். திருமலை நாயக்கர் சிலைக்கு மட்டும் மேற்கவிகை உண்டு. அதனால் அவரை எளிதில் அறியலாம்.

இச்சிலைகளின் உடையை ஊன்றி நோக்குக. மேலாடை இல்லை. பருத்த வயிறு மறைக்கப்படவில்லை. கைகள் கூப்பியிருக்கின்றன. கழுத்திலும் மார்பிலும் அடுக்கடுக்காய் ஆரங்கள். தோளிலும் கையிலும் வளைகள். இடைக்குக் கீழே நுண்ணிய மடிப்புடைய ஆடை, உடலோடு ஒட்டிக் கோடு கோடாய் இறங்குகிறது. ஐரோப்பியர் மென்மையான துணியைக் கஞ்சியால் கல்லாக்கினர். நம் சிற்பியர் கல்லை உளியால் மெல்லிய துணியாக்கினர். வியப்பது எதனை என்று சொல்வது அரிது.

மன்னர் மேலாடையின்றி நிற்பது வெப்பநாட்டு வழக்கம் என்று சொல்லிக் கடந்து விடுவதற்கில்லை. விசயநகர அரசவையில் நீண்ட மேலங்கியாகிய கபாயியும் உயர்ந்த குல்லாயியும் அணிவது மரபாயிருந்தது. முதற்சொல் அரபு வழி வந்தது. மற்றையது பாரசீக வழி வந்து இன்று நம் வழக்கில் 'குல்லாய்' எனத் தங்கிவிட்டது. அயல்நாட்டுத் தூதரும் பல தேயத்தாரும் கூடும் அவையில் வேந்தர் அவ்வுடையில் வீற்றிருப்பர். திருமலையில் வேங்கடவன் சன்னிதியில் நிற்கும் கிருட்டிணதேவராயரின் உலோகத் திருவுருவத்தைக் காண்க: தலையில் உயர்ந்த குல்லாய் உண்டு, மார்பில் அங்கி இல்லை, கைகள் கூப்பியுள்ளன. அவைக்கு அங்கி, ஆண்டவன் முன் வெறும் மார்பு. விசயநகரத்தின் வழிவந்த மதுரை நாயக்கரும் அம்மரபையே கல்லில் பேணினர். ஓவியத்தில் அமர்ந்த ஐரோப்பியப் பிரபு தம்மைப் பார்க்கவரும் மனிதரை நோக்கி அணிந்தார். புது மண்டபத்து நாயக்கர் விழாவுக்கு எழுந்தருளும் அம்மையையும் அப்பனையும் நோக்கிக் களைந்தார். ஆயினும் ஆரங்களைக் களையவில்லை. பணிவையும் செல்வத்தையும் ஒரே உடலில் காட்டும் கலை அது. அடியவர் என்றும் அறிவிக்கவேண்டும். அரசர் என்றும் மறவாதிருக்கச் செய்யவேண்டும்.

அம்மண்டபம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பட்டத்தரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லுத் தெறித்ததாம். சிற்பி வருந்த, அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் அது அப்படியே இருக்கட்டும் என்றாராம். அரசியின் உடலில் அவ்விடத்தில் மச்சம் இருப்பதை இவர் எங்ஙனம் அறிந்தார் என மன்னர் ஐயுற்றாராம். வரலாறாக இதனைக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் உருவச்சிலை என்றவுடன் மக்கள் உள்ளம் எதனை நாடியது என்பதை இக்கதை காட்டுகிறது. ஆடையும் அணியும் காட்டும் பெருமையை அவர்கள் பார்த்தார்கள். அவற்றின் கீழே உள்ள மெய்யுடல் எங்கே என்றும் தேடினார்கள்.

காவியும் கறுப்பங்கியும்

மூன்றாவது நிகழ்ச்சிக்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி 1577இல் இத்தாலியப் பெருங்குடியில் பிறந்தவர். மடிப்புக் கழுத்துப்பட்டை கோலோச்சிய நாட்டிலும் காலத்திலும் வளர்ந்தவர். அவருக்கு முன்பே 1595 முதல் மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு பாதிரியார், கடற்கரையிலிருந்து வந்த பரதவ மக்களுக்குக் குருவாய் இருந்தார். நகரத்தார் அவரைப் பறங்கி என்று ஒதுக்கினர். உடையே அதற்கு முதற்காரணம் என உணர்ந்த நொபிலி, கறுப்பு அங்கியையும் காலணியையும் விட்டுக் காவியும் மரப்பாதக்குறடும் பூண்டார், ஊன் ஒழித்தார், தமிழும் வடமொழியும் பயின்று தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார், ஒரு கட்டத்தில் பூணூலும் தரித்தார்.

சக குருவான பெர்னாண்டசே அவர்மீது முறையிட்டார். ஆடை வெறும் ஊர்வழக்கமா, சமயத்தின் அடையாளமா என்பதே வழக்கின் உயிர். கோவாவிலும் உரோமாபுரியிலும் பல்லாண்டுகள் வாதம் நடந்தது. முடிவில் 1623இல் வந்த போப்பாண்டவரின் ஆணை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. ஒரு பிடி பருத்தி நூல் எதனைச் சொல்கிறது என்பதை அறுதியிடக் கடல்கடந்து உலகின் ஒரு பெருஞ்சமயத் தலைமையே கூடி ஆராயவேண்டியிருந்தது. இந்த வழக்கில் நம்மைச் சிந்திக்க வைக்கும் மற்றொன்றும் உண்டு. பூணூல் அணியலாம் என்ற தீர்ப்பு, அதனை அணியும் உயர்குடியினரை எண்ணி எழுந்தது. அணிய உரிமையே இல்லாதிருந்த பெரும்பான்மை மக்களைப் பற்றிய வினா அவ்வழக்கில் எழுப்பப்படவில்லை.

போர்த்துக்கீசியர் ஆட்சி நம் கரையை விட்டு அகன்றது. அவர்தம் சொற்கள் தங்கின. 'ரேந்தை' என்ற சொல்லே அவர்கள் தந்தது. பொத்தானும் அவர்கள் வழி வந்ததே. சாவி, மேசை, அலமாரி, சன்னல் என்பனவற்றை அறிவோம். பறங்கியர் உடையை ஏற்காத ஊரிலும் உடையின் பொத்தான் தமிழாயிற்று.

ரேந்தை பின்னிய கைகள்

அந்த ரேந்தை தமிழ் மண்ணில் தொழிலாக வேரூன்றியது இரு நூற்றாண்டுகள் கழித்து. 1820களில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட்டு அம்மையார், தம் பள்ளிச் சிறுமியர்க்குக் கட்டைகள் கொண்டு ரேந்தை பின்னக் கற்பித்தார். பின்னலை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் வாங்கினர். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்தம் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையையும் உடன் கொண்டு சென்றார். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நாம் போற்றுகிறோம். அதே வீட்டின் வேறோர் அறையிலிருந்து எழுந்த கட்டைகளின் ஓசையை நினைப்பதில்லை.

இங்கேதான் நம் உள்ளம் நின்று கலங்கவேண்டும். நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே நாடார் முதலிய பல சமூகத்துப் பெண்கள், மேற்குடிப் பெண்களைப்போலத் தோளில் சேலை இட்டு மார்பை மறைத்தல் தடுக்கப்பட்டிருந்தது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும், அதன்மேல் தோள்சீலை இட்டதும் பெருங்கலகத்திற்கு வித்தாயின. சந்தையிலும் சாலையிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரசாணை மேற்குடியினர் முறையில் சீலையிடுவதை மறுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள்தான், மேற்குடியினர் அணியும் முறையில் ஆகாது என்ற வரையறையோடு, மார்பை மறைக்கும் உரிமை அரசாணையாக வந்தது.

எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுமி காலையில் திண்டின்முன் அமர்ந்து அயல்நாட்டுச் சீமாட்டியின் கழுத்துக்கு ரேந்தை பின்னுகிறாள்; மாலையில் தன் தோளில் சீலை இட்டுத் தெருவில் நடக்க அஞ்சுகிறாள். புது மண்டபத்தில் அரசர் மேலாடையின்றி நிற்பது பணிவின் பெருமை. ஏனெனில் அவர் தாமே களைந்தார். இச்சிறுமியின் வெறுந்தோள் பிறர் இட்ட இழிவு. இரண்டும் மேலாடையற்ற உடல்தான். ஆயினும் ஒன்று சொல், மற்றொன்று வாயடைப்பு. உடையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறந்தால், வரலாறு வெறும் அணிமணிப் பட்டியலாய் முடியும்.

இந்த உண்மையை 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் தம் உடலாலேயே எழுதிக்காட்டினார். கதர் வாங்கப் பொருளில்லை என்று சொன்ன ஏழைகளை எண்ணிச் சட்டையையும் தொப்பியையும் விடுத்து அரையாடை பூண்டார். அதன்பின் உலகம் கண்ட அவருடைய படங்கள் யாவும் அவ்வுடையிலேயே அமைந்தன. கழுத்தில் ரேந்தையும் இல்லை, ஆரமும் இல்லை. அவர் யாரை நோக்கி அணிந்தார் என்பதில் ஐயமே எழாது. 1948இல் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடையை நம் நகரத்துக் காந்தி அருங்காட்சியகம் பேணிக் காக்கிறது. அவ்வருங்காட்சியகம் இராணி மங்கம்மாளின் அரண்மனையில் அமைந்திருப்பது காலத்தின் குறும்பு.

தையற்காரர் இருந்த மண்டபம்

மீண்டும் புது மண்டபத்தை நோக்குவோம். பல்லாண்டுகளாக அந்த நாயக்கர் சிலைகளின் காலடியில் தையற்காரர் வரிசையாய் அமர்ந்து தொழில் செய்தனர். சாமிக்குரிய ஆடைகள், தொங்கல்கள், சித்திரைத் திருவிழாவில் அழகர்க்கு வேண்டுதல் செலுத்துவோர் அணியும் சல்லடமும் குல்லாயும் அங்கேதான் தைக்கப்பட்டன. பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் வளையற் கடைகளும் சூழ இருந்தன. விசயநகர அவையில் வேந்தர்தம் தலையில் இருந்த குல்லாய், நாட்டுப்புற உழவரின் வேண்டுதலுக்குரிய உடையாய் இறங்கி வந்த வரலாறு எந்தச் செப்பேட்டிலும் இல்லை. அத்தையற்காரரின் கத்தரியில் இருந்தது. அண்மை ஆண்டுகளில் மண்டபத்தைப் பழுதுபார்த்துக் காக்கும்பொருட்டுக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபம் காக்கப்பட வேண்டியதே. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் தூணுக்குக் காட்டிய பரிவில் ஒரு பங்கேனும் தொழிலின் சொல்லுக்கும் காட்டப்படவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் பலர் கவிஞர். அணி என்ற சொல் நமக்கு நகையையும் குறிக்கும், செய்யுளின் அழகையும் குறிக்கும். திருமலை நாயக்கர் காலம் சிற்றிலக்கியங்களும் சித்திரகவிகளும் செழித்த காலம். சொல்லைச் சக்கரமாகவும் தேராகவும் மடித்து நிறுத்திய புலவர், ஒருவகையில் மடிப்புக் கழுத்துப்பட்டை தைத்தவரே. அத்திறனை இகழ்வதற்கில்லை. வெண்பட்டை முகத்திற்கு ஒளி ஏந்தியதுபோல, நல்ல அணி பொருளுக்கு ஒளி ஏந்தும். முகத்தை மறந்து பட்டையே பெருக்கும்போதுதான் அது தட்டில் வைத்த தலையாகிறது.

நான் வேண்டுவது அதனினும் எளிய ஒன்று. டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற கஞ்சிக்காரியின் பெயர் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறது. ஏனெனில் ஒருவர் அதனை எழுதி வைத்தார். நாகர்கோவிலில் பின்னிய சிறுமியர் பெயர் நம் நினைவில் இல்லை. புது மண்டபத்தில் தைத்தவர்களும் மதுரைத் தெருக்களில் பாவு ஆற்றியவர்களும் வழங்கிய சொற்கள் இன்னும் முதியோர் சிலர் நாவில் உள்ளன. மடிப்புக்கு ஒரு சொல், விளிம்புக்கு ஒரு சொல், அறுந்த இழையை முடிவதற்கு ஒரு சொல் என அவர்களிடம் உள்ளவற்றை நாம் கேட்டு எழுதினால் என்ன? வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஆளுக்கொரு தொழிலாளரை அணுகி, ஆளுக்கொரு குறிப்பேடு நிரப்பினாலும் போதும். அரசர்கள் கல்லில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நம் உதவி வேண்டுவதில்லை. ஊசி பிடித்த கைக்கும் கஞ்சி காய்ச்சிய கைக்கும் உரிய சொற்கள் நம் ஏட்டில் ஏறட்டும்.